வெயில் தாழட்டும் என்று இருக்காதே

தம்பி,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. நீ நலம் என்று போனில் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆகவே அந்த வரியை இரண்டு பேரும் விட்டுவிடலாம். போனிலேயே பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ 'ம்' என்கிறாய். இங்கே மழை இல்லை என்றேன், 'ம்'. கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது என்றேன், 'ம்'. பக்கத்து வீட்டில் யானை குட்டி போட்டிருக்கிறது என்றும் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் 'ம்'தான். கடிதத்தில் ஒரு வசதி, நீ 'ம்' கொட்டினாலும் எனக்குக் கேட்காது. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம்.

சென்ற வாரம் மலர் கூப்பிட்டாள். புருஷனைப் பற்றி மாமியாரிடம் குறை சொல்லும் பழக்கம் உன் மனைவிக்குக் கிடையாது. அதனால்தான் அவள் குரலைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பனி விழுந்ததிலிருந்து நீ வாசல்படி தாண்டவில்லையாம். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாயாம். காய்கறிக்கு அவள், குப்பை போட அவள், கீழே தபால் பெட்டிக்கும் அவள். சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டு அவள் திரும்பி வரும்போது, காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில், விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாயாம். "ஏரிப் பக்கத்து ஜன்னலுக்கு முன்னாடி துணி பீரோவை நகர்த்தி வச்சிட்டாக அத்தை. ஏன்னு கேட்டா குளிர் வருதுங்கிறாக. அந்த ஜன்னலுக்கு மூணு அடுக்குக் கண்ணாடி. அதுல கொசுவோட மூச்சுகூட உள்ள வராது," என்றாள். அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு அத்தை," என்றாள்.

அந்த ஜன்னலில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். போன பனிக்காலம் முழுவதும் அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் நான் காபி குடித்தேன். ஏரி தெரியும். ஏரிக்கரையில் நாணல் தெரியும். நாணலைத் தாண்டி, உன் அப்பாவின் காலுக்கடியில் ஐஸ் உடைந்த இடமும் தெரியும். மூன்று கண்ணாடி போதாது என்று நாலாவதாக ஒரு பீரோவை வைத்திருக்கிறாய்.

வீட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பதில் நம் ஆட்களை மிஞ்ச உலகத்தில் ஆள் இல்லை. வெளிநாட்டில் பழகிய பழக்கம் என்று மலர் நினைக்கிறாள். இது இங்கிருந்து நீ கொண்டுபோனது. பங்குனி பிறந்தால் பத்து மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்தி, வாசல் கதவை ஒருக்களித்து, சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறிக்கு நேர்கீழே படுத்து, வெளியே நடப்பது எதுவும் நமக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் கிடப்போம். வெயில் தாழட்டும் என்போம். பெண் பார்க்கப் போவது, பஞ்சாயத்துப் பேசுவது, பங்காளியோடு சண்டைக்குப் போவது எல்லாம் வெயில் தாழத்தான். அருப்புக்கோட்டையில் கொலைகாரனும் கொஞ்சம் வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்புவான் என்று உன் அப்பா சொல்வார். இந்த ஊருக்கு அது சரியான புத்திதான். இங்கே காத்திருந்தால் சாயங்காலம் என்று ஒன்று வரும், காற்றும் கொஞ்சம் வரும். இந்த ஒரு புத்தியைத்தான் நாங்கள் உனக்குப் பெட்டியில் வைத்து அனுப்பினோம். அது எந்த ஊருக்குச் செல்லும், எந்த ஊருக்குச் செல்லாது என்று சொல்லி அனுப்ப எங்களுக்குத் தெரியவில்லை.

போன பொங்கல் முடிந்து நாங்கள் வந்து இறங்கிய மறுநாள் ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ வெளியே போய்விட்டு வரலாம் என்றேன். பைன் மரங்களின் உச்சியில் சூரியன் பல்லி முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நீ சொன்னபடி உள்ளே ஒரு கால்சட்டை, அதற்கு மேல் கம்பளியில் ஒன்று, அதற்கும் மேல் காற்று புகாததாக ஒன்று என்று நாங்கள் அடுக்கடுக்காகப் போட்டு, காலுறை மேல் காலுறை மாட்டி, குல்லாவுக்குள் காதைத் திணித்து நிமிர்ந்தபோது வெளியே கும்மிருட்டு. உன் அப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடா வெயிலு? தாழறதுன்னா முதல்ல ஏறணும்ல?" என்றார். போட்டதையெல்லாம் கழற்றிவிட்டு அரிசி உப்புமா கிண்டினோம். அந்த ஊரில் ஆறு வருஷம் இருந்த நீ அடுத்த ஒரு வாரத்தில் எங்களுக்குக் காட்டிய இடங்கள் மூன்று: பெரிய மளிகைக் கடை, இந்திய மளிகைக் கடை, இரண்டுக்கும் நடுவில் கார் நிறுத்துகிற கட்டடம்.

உன் அப்பா மறுவாரம் காலையில் வெளியே போனார். தன்னந்தனியாக. நீயும் நானும் பதறினோம். அவர் கரிசல் காட்டு ஆள். நாலு தூறல் விழுந்த கரிசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை வீசாமல், முழுப் பாதத்தையும் பதித்துப் பதித்து நடந்தவருக்கு, வழுக்குகிற தரை ஒரு புதிய சேதி அல்ல. பூட்ஸுக்குள் கட்டைவிரலை ஊன்ற முடியவில்லை என்று மட்டும் குறைப்பட்டார். மலர் ஒரு ரப்பர் பட்டி வாங்கி வந்து பூட்ஸின் மேல் இழுத்து மாட்டிவிட்டாள், அடியில் சின்னச் சின்ன ஆணிகள் வைத்தது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. நடைபாதையில் ஐஸ் படிந்தால் நகராட்சி வண்டி வந்து பொடிக்கல் தூவிவிட்டுப் போவதை நின்று பார்ப்பார். நம் ஊரில் ரோட்டில் கல் கொட்டினால் தேர்தல் வருகிறது என்று அர்த்தம், இங்கே பனி வருகிறது என்று அர்த்தம் என்று எனக்கு விளக்கினார். மைனஸ் இருபதில் எண்பது வயதுக் கிழவி சைக்கிளில் போவதைப் பார்த்து, பரவாயில்லை, இவுகளுக்கும் வீட்டில் நிம்மதி இல்லை போலிருக்கிறது என்றார்.

கீழ்வீட்டு அம்மாளிடம் அந்த நாற்காலி வண்டியை இரவல் வாங்கியதும் அவர்தான். ஒரு மர நாற்காலி, அதன் கால்களில் நீளமாக இரண்டு இரும்புப் பட்டை, பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. ஒருவர் உட்கார, இன்னொருவர் பின்னால் ஒரு பட்டையில் ஒரு காலை வைத்து மறு காலால் உந்த வேண்டும். என் முழங்காலைப் பற்றித் தெரிந்தவர் என்பதால் என்னை உட்கார வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னை உட்கார வைத்துத் தான் நின்றது அதுதான் முதல் தடவை. பனி இறுகிய பாதையில் அது சத்தமே இல்லாமல் போகும். நம் பாளையம்பட்டியில் இப்படி ஒரு நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் நாலு பேர் வந்து எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டிருப்பார்கள். அங்கே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டுக்குள் ஒரு சாய்ப்புக் கொட்டகை, அதன் முன்னே அடுப்பு, பக்கத்தில் பிளந்து அடுக்கிய விறகு. யார் வேண்டுமானாலும் தீ மூட்டிக் குளிர் காயலாமாம். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்த எனக்கு அது புரியவே இல்லை. பொது விறகு, காவலுக்கு ஆள் கிடையாது, அப்படியும் அடுக்கு குறையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தீ முன்னால் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடித்தோம். மரத்திலிருந்து பனி பொத்தென்று விழும், அவ்வளவுதான் சத்தம். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றித் தவிர வேறு எதற்கும் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நீ ஒரு நாளும் எங்களோடு வரவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ ஒவ்வொரு தடவையும் வருகிறேன் என்றுதான் சொன்னாய். குளிர் கொஞ்சம் குறையட்டும், வேலை கொஞ்சம் ஓயட்டும், வெளிச்சம் கொஞ்சம் கூடட்டும் என்றாய். நீ சொன்ன எல்லாமே ஒவ்வொன்றாக நடந்தன. குளிர் குறைந்தது, வெளிச்சம் கூடியது. நீ ஜன்னலிலிருந்து கையசைத்தாய்.

ஏரிக்கு வருகிறேன். அவர் முதல் முறை ஏரிக்குள் இறங்கியபோது நீ மாடியிலிருந்து "அப்பா, அது ஏரி" என்று கத்தினாய். அவர் திரும்பிப் பார்த்து, "அதான், நடக்கத்தான இருக்கு," என்றார். நீ அவரைத் துணிச்சல்காரர் என்று நினைத்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. திருச்சுழி பஸ்ஸில் இறங்கி நம் புஞ்சைக்குப் போக அவருக்குக் குறுக்கு வழி கண்மாய்தான். வருஷத்தில் பத்து மாதம் அது பாதை, ஒரு மாதம் சகதி, கொடுப்பினை இருந்தால் ஒரு மாதம் கண்மாய். நான் ஆபீஸில் அதை நீர்நிலை என்று எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவர் அதன் நடுவே செருப்பு நனையாமல் நடந்துகொண்டிருப்பார். தஞ்சாவூர்க்காரன் ஏரியைப் பார்த்தால் ஆழத்தை நினைப்பான். நம் ஆள் அக்கரையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

ஏரி நடுவில்தான் அவருக்கு அண்ணாச்சி கிடைத்தார். உள்ளூர்ப் பெரியவர், புருவமெல்லாம் உறைபனி. ஐஸில் துளைபோட்டு, முக்காலியில் உட்கார்ந்து, ஒரு சாண் தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் வாயில் நுழையவில்லை என்று உன் அப்பா முதல் நாளே அண்ணாச்சி என்று கூப்பிட்டார். அவரும் திரும்பிப் பார்த்தார். அதோடு அது முடிவாயிற்று. ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாது. அதனால் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே வரவில்லை. இரண்டாம் வாரத்தில் அண்ணாச்சி இரண்டாவதாக ஒரு துளையும் இரண்டாவதாக ஒரு முக்காலியும் போட்டார். அதற்கு அடுத்த வாரம் உன் அப்பாவின் கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டிவிட்டார். கயிற்றின் இரண்டு முனையிலும் கைப்பிடி அளவு மரக்கட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கூரான ஆணி. தண்ணீருக்குள் விழுந்தால் கைக்கு ஒன்றாகப் பிடித்து, ஐஸில் குத்திக் குத்தி, வயிற்றால் ஊர்ந்து மேலே வரவேண்டும் என்று அந்தப் பெரிய மனிதர் ஏரியின் மேல் குப்புறப் படுத்துக் காட்டியிருக்கிறார். கழுத்தில் ஒருவர் மாட்டினால் பதிலுக்கு மரியாதை செய்யாமல் வருவது நம் வழக்கமா? மறுநாள் உன் அப்பா பெட்டியிலிருந்து பச்சைக்கரை போட்ட புதுத் துண்டை எடுத்துப் போய் அண்ணாச்சிக்குப் போர்த்திவிட்டு வந்தார். மைனஸ் பதினெட்டில் ஒரு பருத்தித் துண்டு. அவர் அதை மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாராம்.

பங்குனி வந்தது. பகல் நீண்டது. அண்ணாச்சி விடிகாலையில் வந்து பத்து மணிக்கெல்லாம் முக்காலியை மடக்கிக் கிளம்பிவிடுவதைப் பற்றி உன் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். "வெயிலு வந்ததும் இவுகளுக்குச் சோம்பேறித்தனம் வந்துருச்சு," என்றார். ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருந்தபோதுதான் அது நடந்தது. காலையில் கிளம்பினவரிடம், இன்றைக்கு நானும் வருகிறேன், மீட்டிங் இருக்கிறது, வெயில் தாழப் போவோம் அப்பா என்று நீ சொன்னாய். மூன்று மாதமாக எதிர்பார்த்த வார்த்தை. அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் நானும் மலரும் கடைக்குப் போனோம். உன் மீட்டிங் முடியவில்லை. சூரியன் ஒருவழியாகச் சாய ஆரம்பித்ததும், பையன் வேலையாக இருக்கிறான், தொந்தரவு வேண்டாம் என்று, அவர் தானே ஆணிப் பட்டியையும் கழுத்துக் கயிற்றையும் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாணலைத் தாண்டியதும் தரை விலகியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீதான் பார்த்தாய், நான் பார்க்கவில்லை. கதவைத் திறந்தால் அப்பா நிற்கிறார், கால்சட்டை தகரம் மாதிரி விறைத்திருக்கிறது, பல் கிட்டிக்கொண்டிருக்கிறது. நீ அவரைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்ததும், வண்டி வந்ததும், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, குளிரால் ஒன்றுமில்லை, இதயத்தை மட்டும் ஊரில் காட்டுங்கள் என்று அனுப்பியதும், இவற்றையெல்லாம் மலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் ஏதோ சொல்ல வரும்போதெல்லாம் எழுந்து போனாய். அதனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

நீ நினைக்கிற மாதிரி அவர் அந்த ஏரியிலிருந்து நொறுங்கிப்போய் வரவில்லை. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பாளையம்பட்டி முக்கில் சலூன் கடைத் தரையில், முடி வெட்டிக் கிடந்த இடத்திலேயே, குப்புறப் படுத்து இரண்டு சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐஸில் குத்தி ஊர்ந்து வருவது எப்படி என்று செய்து காட்டியிருக்கிறார். டீக்கடை பெஞ்சில் காட்டினார். உரக்கடையில் மூட்டை மேல் படுத்துக் காட்டினார். பாலவனத்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்த இடத்தில் காட்டியபோது நான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் உறைந்த ஏரிக்குள் விழுந்து தானே ஏறி வந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பதவிக்குப் போட்டியும் கிடையாது. என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "வெயில் தாழப் போனதுதான் தப்பு. ராத்திரி முழுக்க இறுகி, காலையில கல்லு மாதிரி இருக்கு. பகல் பூரா வெயிலக் குடிச்சு, சாயங்காலம் இட்லி மாதிரி ஆயிருது. அண்ணாச்சி சோம்பேறி இல்ல. நம்ம ஊரு வெயிலு ஆளை அடிக்கும், அந்த ஊரு வெயிலு தரையை அடிக்கும்." இதைச் சொல்லிவிட்டு, "இது தம்பிக்குத் தெரியாது. பாவம், நாஞ்சொல்லிக் குடுத்ததத்தான அவனும் சொன்னான்," என்றார்.

அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மத்தியான வெயிலில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நீ கண்மாய்க்குக் கிளம்பும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்து, வெயில் தாழப் போடா என்று உட்கார வைப்பார். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாய். அவர் வார்த்தையை அவரிடமே நீ திருப்பிச் சொன்னாய், அவரும் நல்ல பிள்ளையாகப் பூட்ஸைக் கழற்றி உட்கார்ந்தார். இதில் குற்றவாளி யார் என்று நீ ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாய். அவரே வழக்கைத் தள்ளுபடி செய்து மாதக் கணக்காகிறது.

ஆடியில் அவர் போனது உனக்குத் தெரியும், ஏன் போனார் என்பதை நீ யாரிடம் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். பந்தலில் உன் பெரியமாமா சொன்னதை நீ கேட்டாய். "ஐஸுத் தண்ணி நெஞ்சுக்குள்ள எறங்கிருச்சு. அது உடனே ஒண்ணும் பண்ணாது. மூணு மாசம் கழிச்சுத்தான் வேலையக் காட்டும்." ஜூஸ் கடை ஐஸைத் தவிர வேறு ஐஸைப் பார்த்திராத மனிதர், எவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். நம்மில் சாவுக்கு ஒரு காரணம் கிடைக்காமல் யாரும் காபி டம்ளரைக் கீழே வைப்பதில்லை. ஏரியில் உன் அப்பா கொஞ்ச நேரம்தான் இருந்தார். நீ வந்து சேரும்வரை வாடகை ஐஸ் பெட்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தார். அதைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது வேறு: நெஞ்சு ரத்தக்குழாயில் அடைப்பு, பல வருஷமாக இருந்திருக்கிறது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும். ஏரியிலிருந்து ஏறி வந்தவரைச் சித்திரையில் நான்தான், அங்கே ஆஸ்பத்திரியில் இதயத்தை ஊரில் காட்டச் சொல்லித்தானே அனுப்பினார்கள், வாருங்கள் போவோம் என்று நச்சரித்தேன். அவர் என்ன சொன்னார் என்று நீயே சொல்லிவிடுவாய். இந்தக் கோடை வெயில் தாழட்டும் என்றார். தாழ்ந்தது. அவரை எடுத்ததும் வெயில் தாழத்தான்.

ஆகவே ஏரியைக் குற்றம் சொல்லாதே. ஏரி அவரைத் திருப்பித் தந்துவிட்டது. பீரோவை வைத்து அடைக்க வேண்டிய பொருள் ஏதாவது உண்டென்றால் அது அந்த வார்த்தைதான், அதுதான் இப்போது உன்னோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நீ எதற்காகக் காத்திருக்கிறாய்? பனி உருகவா? சித்திரை ஆகும். துக்கம் தாழவா? எனக்கு அது இன்னும் தாழவில்லை. நானும் ஆடியிலிருந்து வீட்டுக்குள்தான் இருக்கிறேன். தலைத்திவசம் கழியாமல் விசேஷ வீட்டுக்குப் போகக்கூடாது, காலையில் எதிரே வரக்கூடாது, கடல் தாண்டவே கூடாது என்று இங்கே ஆளுக்கொரு சட்டம் போடுகிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். மலர் அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன்னால் சொன்ன ஒன்றைக் கேட்ட பிறகு என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

ஏரி இறுகிவிட்டதாம். அவள் தினமும் காலையில் சைக்கிளில் போகும்போது பார்க்கிறாளாம். "புருவமெல்லாம் வெள்ளையா ஒரு பெரியவரு, அத்தை. ரெண்டு துளை போட்டு ரெண்டு முக்காலி போட்டு வச்சிருக்காரு. ஒண்ணு சும்மாதான் கெடக்கு. கழுத்துல துண்டு."

உன் அப்பா கிளம்பும்போது அடுத்த பொங்கலுக்கு வாரேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தமிழில்தான் சொன்னார். அவருக்கு எப்படியோ விளங்கியிருக்கிறது. அந்த மனிதருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, தம்பி. நம் வழக்கம் உனக்குத் தெரியும். நெருங்கினவர்களுக்குச் சாவுக் கேதத்தைப் போனில் சொல்வதில்லை, வீட்டு ஆள் நேரில் நடந்து போய்ச் சொல்ல வேண்டும். திருச்சுழிப் பக்கம் பன்னிரண்டு ஊருக்கு ஆள் போனது. ஓர் ஊர் விட்டுப் போயிற்று. அந்த ஊரில் நம் வீட்டு ஆள் நீ ஒருவன்தான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வரும். உன் அப்பாவின் கழுத்துக் கயிறு, இரண்டு ஆணியும் பத்திரமாக இருக்கின்றன. கூரியர் கடைக்காரர், என்ன சாமான் என்று எழுத வேண்டும், என்னம்மா இது என்று கேட்டார். கண்மாயில் நடக்கிறவர்கள் போட்டுக்கொள்வது என்றேன். நம் கண்மாயில் எதற்கு என்று கேட்டார். நம் கண்மாயில் இல்லை என்றேன். அவர் கயிறு என்று மட்டும் எழுதிக்கொண்டார். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் தை பிறந்ததும் வாரேன், பெரியமாமாவிடம் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் வாயை மூடவில்லை. கீழ்வீட்டு அம்மாளிடம் நாற்காலி வண்டியை மட்டும் கேட்டு வை. இந்த முறை தள்ளுவதற்கு எனக்கு ஆள் வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பீரோவை இருந்த இடத்திற்கு நகர்த்து. மலரை ஒரு கை பிடிக்கச் சொல், தனியாக இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே. விடிந்ததும் மூன்று அடுக்கு போட்டுக்கொள், அடுக்குக்கு நடுவே காற்று இருக்கட்டும், இறுக்கமாகப் போட்டால் குளிரும். ஆணிப் பட்டியை மாட்டு. கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்காதே, முழுப் பாதத்தையும் பதித்து நட. நாணல் பக்கம் வேண்டாம், மற்றவர்கள் நடந்த தடத்திலேயே போ. கயிறு கழுத்தில் இருக்கட்டும், கோட்டுக்கு வெளியே தெரியட்டும். அதைப் பார்த்தாலே அவருக்கு யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். என்ன சொல்வது என்று யோசிக்காதே. உன் அப்பா அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல் ஒரு பனிக்காலம் முழுக்க அவரோடு பேசினார். ஆறேழு வருஷமாக அதைப் படித்த உனக்கு ஒரு வாக்கியம் போதும். சாயங்காலம் போகலாம் என்று தள்ளிப்போடாதே, சாயங்காலம் அவர் இருக்கமாட்டார்.

காலையிலேயே போய்ச் சொல்லிவிடு. சொன்ன பிறகு அவர் தூண்டிலைக் கீழே வைப்பார். அப்புறம் அந்த இரண்டாவது முக்காலியைக் கையால் காட்டுவார். உட்கார்.

அம்மா